நிறுவனத்தின் அணியா, நகரத்தின் கழகமா? ஜப்பானிய ஜே. லீக் கடந்து வந்த பாதை

ஆசியாவின் உதைபந்தாட்ட வரலாற்றை எழுதப் புகும் எவரும் 1993ஆம் ஆண்டைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. அந்த ஆண்டிலேயே ஜப்பானின் தேசிய தொழில்சார் உதைபந்தாட்ட லீக்கான ஜே. லீக் தனது முதலாவது பருவத்தை ஆரம்பித்தது. அதற்கு முன்னர் ஒருதடவையேனும் உலகக் கிண்ண இறுதிச்சுற்றில் விளையாடியிராத அந்நாடு, 1998ஆம் ஆண்டு தொடக்கம் எந்தவொரு உலகக் கிண்ணத்திற்கும் தகுதிபெறத் தவறியதில்லை. 2022இல் கட்டாரில் ஜேர்மனியையும் ஸ்பெயினையும் ஒரே சுற்றில் தோற்கடித்த அணியின் வீரர்களிற் பெரும்பாலானோர் ஜே. லீக் கழகங்களிலோ அவற்றின் இளையோர் அணிகளிலோ வளர்ந்தவர்கள்.

இந்த வளர்ச்சியைப் பணபலத்தின் விளைவாக மாத்திரம் காண்போர் உளர். ஜப்பான் செல்வந்த நாடு என்பது உண்மையே. ஆயினும் அந்நாட்டின் பெரும் நிறுவனங்கள் 1993இற்கு முன்னரும் உதைபந்தாட்டத்திற்குப் பணம் செலவிட்டே வந்தன. அந்தப் பணத்தால் அரங்குகளை நிரப்ப முடியவில்லை. அவ்வாறாயின் 1993இல் மாறியது யாது? ஓர் அணி யாருக்கு உரியது என்ற கேள்விக்கு அளிக்கப்பட்ட விடையே மாறியது. ஜே. லீக்கின் வரலாற்றையும் அதன் போட்டி முறைகளையும் விளங்கிக்கொள்வதற்கு இக்கேள்வியே திறவுகோலாகும்.

தொழிற்சாலை அணிகளின் காலம்

ஜப்பான் உதைபந்தாட்டச் சங்கம் 1921ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. எனினும் நெடுங்காலமாக அங்கு அவ்விளையாட்டு பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியதாகவே இருந்துவந்தது. மக்களின் அபிமானம் முழுவதையும் பேஸ்போல் விளையாட்டே பெற்றிருந்தது. 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் விழா நடைபெறவிருந்த வேளையில், தமது அணியைத் தயார்படுத்துவதற்காக ஜேர்மனிய பயிற்றுநரான டெட்மார் கிராமரை ஜப்பானியர் வரவழைத்தனர். அவ்விழாவில் ஆர்ஜென்டீனாவை 3-2 என்ற கோல் கணக்கில் வெற்றிகொண்டு ஜப்பான் வியப்பை ஏற்படுத்தியது. அவ்வாட்டத்தில் கோல் போட்டவர்களுள் ஒருவர் சபுரோ கவாபுச்சி. இவரது பெயரை இக்கட்டுரையில் மீண்டும் சந்திப்போம்.

ஒருசில சர்வதேச ஆட்டங்களால் விளையாட்டு வளராது, தரமான அணிகள் ஆண்டு முழுவதும் தமக்குள் மோதும் லீக் ஒன்று தேவை என்று கிராமர் ஆலோசனை கூறினார். அதன் பலனாக 1965இல் எட்டு அணிகளுடன் ஜப்பான் சொக்கர் லீக் ஆரம்பமாகியது. ஹிரோஷிமாவின் மோட்டார் வாகன நிறுவனமான தோயோ கோக்யோ, மிட்சுபிஷி, ஃபுருகாவா மின்சார நிறுவனம், ஹிட்டாச்சி, யன்மார் டீசல் என்று அணிகளின் பெயர்களே அவற்றின் இயல்பை எடுத்துரைத்தன. வீரர்கள் அந்நிறுவனங்களின் ஊழியர்கள். பகலில் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பணியாற்றிவிட்டுப் பயிற்சிக்குச் செல்வோர். விளையாட்டிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அதே நிறுவனத்தில் தொழில் நிச்சயம்.

1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலப் பதக்கம் வென்றது. யன்மார் வீரரான குனிஷிகே கமமொதோ 7 கோல்களுடன் அவ்விழாவில் அதிக கோல்களைப் போட்டவரானார். ஆனால் அந்த உற்சாகம் நீடிக்கவில்லை. நிறுவனத்தின் அணியை நிறுவனத்தின் ஊழியர்கள் ஆதரித்தனர். அயலில் வாழும் பொதுமக்களுக்கு அதில் உரித்தும் இல்லை, அக்கறையும் இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பல ஆட்டங்கள் வெற்று இருக்கைகளின் முன்னிலையிலேயே நடந்தேறின.

இதற்கிடையில் அயல்நாடான தென்கொரியா 1983இல் தொழில்சார் லீக்கை ஆரம்பித்தது. 1985இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் இறுதிக் கட்டத்தில் தென்கொரியாவிடம் இரு ஆட்டங்களிலும் ஜப்பான் தோல்வியுற்றது. சம்பளத்திற்காக விளையாடுவோருக்கும் வேலை முடிந்து விளையாடுவோருக்கும் இடையிலான வேறுபாடு அங்கு வெளிச்சத்திற்கு வந்தது. 1977இல் ஜேர்மனியின் கேர்ள்ன் கழகத்தில் இணைந்து தொழில்சார் வீரராக விளையாடிய யசுஹிகோ ஒகுதெரா 1986இல் தாயகம் திரும்பியபோது, அவரையும் அவர்போன்ற சிலரையும் முன்னிட்டு விதிகள் தளர்த்தப்பட்டு, தொழில்சார் ஒப்பந்தம் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டது.

புதிய லீக்கின் நிபந்தனைகள்

எண்பதுகளின் இறுதியில் தொழில்சார் லீக் ஒன்றை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் மேலே குறிப்பிட்ட கவாபுச்சியே. ஃபுருகாவா நிறுவனத்தின் ஊழியராக இருந்த இவர், 1960இல் தேசிய அணி வீரராக ஜேர்மனியின் டுயிஸ்பேர்க் நகரிலுள்ள விளையாட்டுப் பாடசாலைக்குச் சென்றிருந்தார். பசும்புல் மைதானங்களும் உள்ளக அரங்குகளும் சாதாரண மக்களின் பயன்பாட்டுக்குத் திறந்திருந்த அந்நிலையம் அவரது சிந்தனையில் ஆழமாகப் பதிந்தது. புழுதி மைதானங்களில் விளையாடி வளர்ந்த ஒரு தலைமுறையைச் சேர்ந்தவருக்கு அது பெரும் வியப்பாக இருந்ததில் அதிசயமில்லை.

1991ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜே. லீக் முறைப்படி ஸ்தாபிக்கப்பட்டு, கவாபுச்சி அதன் முதலாவது தலைவரானார். இணைய விரும்பிய அணிகளுக்குக் கடும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஒவ்வொரு கழகமும் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்த தனியான சட்ட அமைப்பாக இருத்தல் வேண்டும். ஒரு குறிப்பிட்ட நகரைத் தனது சொந்த ஊராக அறிவித்து, அவ்வூரின் உள்ளூராட்சி மன்றத்துடனும் மக்களுடனும் இணைந்து இயங்க வேண்டும். 15,000 பேரேனும் அமரக்கூடிய, மின்னொளி வசதி கொண்ட அரங்கு இருத்தல் வேண்டும். சிறுவர், இளையோர் அணிகளைக் கழகமே நடத்த வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கழகத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறலாகாது. ஊரின் பெயரும் ஒரு புனைபெயருமே கழகத்தின் அடையாளம்.

நிறுவனங்களுக்கு இது எளிதில் விழுங்கக்கூடிய மருந்தாக இருக்கவில்லை. பணத்தைத் தாமே வழங்க வேண்டும், பெயரோ ஊருக்குரியது என்றால் எந்த முதலாளிக்குத்தான் உவப்பாக இருக்கும்? டோக்கியோவின் புகழ்பெற்ற பேஸ்போல் அணியையும் வைத்திருந்த யோமியூரி பத்திரிகைக் குழுமம், தனது வெர்டி கழகத்தை யோமியூரியின் பெயராலேயே அழைக்க விரும்பியது. லீக் அதற்கு இடமளிக்க மறுத்ததும், குழுமத்தின் ஊடகங்கள் தமது செய்திகளில் தொடர்ந்தும் யோமியூரி வெர்டி என்றே எழுதின. குழுமத்தின் தலைவர் சுனேயோ வதானபேக்கும் கவாபுச்சிக்கும் இடையிலான வாதப் பிரதிவாதங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. கவாபுச்சி தமது நிலைப்பாட்டிலிருந்து இறங்கவில்லை.

இறுதியில் பத்துக் கழகங்கள் தெரிவாகின. கஷிமா அன்ட்லர்ஸ், ஜெஃப் யுனைட்டெட் இச்சிஹாரா, ஊராவா ரெட்ஸ், வெர்டி கவாசாகி, யொகொஹாமா மரினோஸ், யொகொஹாமா ஃப்ளூகெல்ஸ், ஷிமிசு எஸ்-பல்ஸ், நகோயா கிராம்பஸ் எய்ட், காம்பா ஒசாகா, சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா என்பனவே அவை. இவற்றுள் ஷிமிசு தவிர்ந்த ஏனையவற்றின் பின்னணியில் பழைய நிறுவன அணிகளே இருந்தன.

கஷிமாவின் கதை தனியாக நோக்கத்தக்கது. சுமார் 45,000 பேர் வாழ்ந்த அச்சிற்றூரின் சுமிதோமோ உருக்கு நிறுவன அணி இரண்டாம் பிரிவில் விளையாடிக்கொண்டிருந்தது. தெரிவாகும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லையென்றே கவாபுச்சி கூறியிருந்தார். கூரையுடன் கூடிய 15,000 இருக்கைகள் கொண்ட அரங்கைக் கட்டினால் மாத்திரமே பரிசீலிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அது மறுப்பைச் சொல்வதற்கான நாகரிகமான வழியாகவே கருதப்பட்டது. ஆனால் மாகாண நிர்வாகமும் ஊரும் நிறுவனமும் ஒன்றுசேர்ந்து அந்த அரங்கைக் கட்டிமுடித்தன. பிரேசிலின் மாபெரும் வீரரான சீக்கோ 1991இலேயே அங்கு வந்து சேர்ந்தார். 1993 மே 16ஆம் திகதி நடந்த தமது முதலாவது லீக் ஆட்டத்தில் கஷிமா நகோயாவை 5-0 என்று தோற்கடித்தது. அதில் மூன்று கோல்கள் சீக்கோ போட்டவை. 2016இற்குள் எட்டுத் தடவைகள் லீக் கிண்ணத்தை வென்ற இக்கழகம் 2025இல் ஒன்பதாவது தடவையாகவும் அதனைக் கைப்பற்றியது. வேறெந்தக் கழகமும் இத்தனை தடவைகள் வென்றதில்லை.

எழுச்சியும் வீழ்ச்சியும்

1993 மே 15ஆம் திகதி டோக்கியோ தேசிய அரங்கில் 59,626 பார்வையாளர்கள் முன்னிலையில் வெர்டி கவாசாகியும் யொகொஹாமா மரினோஸும் மோதிய ஆட்டத்துடன் லீக் ஆரம்பமாகியது. மரினோஸ் 2-1 என்று வென்றது. நாடு முழுவதும் உதைபந்தாட்ட மோகம் பரவியது. இங்கிலாந்தின் கேரி லினெக்கர், ஜேர்மனியின் பியேர் லிட்பார்ஸ்கி, பின்னர் பிரேசிலின் துங்கா, யூகோஸ்லாவியாவின் டிராகன் ஸ்டொய்கோவிச் போன்றோர் அங்கு விளையாடினர். பிற்காலத்தில் ஆர்சனல் கழகத்தில் புகழ்பெற்ற ஆர்சன் வெங்கர் 1995, 1996ஆம் ஆண்டுகளில் நகோயாவின் பயிற்றுநராக இருந்தார். 1993 ஒக்டோபர் 28இல் டோஹாவில் ஈராக்குடனான ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் வாங்கிய கோலினால் ஜப்பான் உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தபோது முழு நாடுமே துயருற்றது. பத்தாண்டுகளுக்கு முன்னர் அத்தகைய தோல்வி பெரும்பாலானோரின் கவனத்தையே ஈர்த்திராது.

ஆனால் மோகம் விரைவிலேயே தணிந்தது. 1994இல் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 19,598 பேர் வந்திருந்தனர். 1997இல் அது 10,131ஆகக் குறைந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஏற்பட்ட பொருளாதாரச் சரிவின் தாக்கம் நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களைத் தொட்டபோது, முதலில் வெட்டப்பட்டது விளையாட்டுச் செலவே. கழகங்கள் பெயரளவில் ஊருக்குரியவையாக இருந்தபோதிலும் பணப்பை நிறுவனங்களின் கையிலேயே இருந்தது என்ற உண்மை அப்போது வெளிப்பட்டது.

1998 ஒக்டோபர் இறுதியில் யொகொஹாமா ஃப்ளூகெல்ஸ் கழகம் அதே நகரின் மரினோஸுடன் இணைக்கப்படும் என்ற அறிவித்தல் வெளியாகியது. அனுசரணை வழங்கிய இரு நிறுவனங்களுள் ஒன்றான கட்டுமான நிறுவனம் விலகியதும், மற்றையதான விமான சேவை நிறுவனத்தால் தனித்துச் சுமையைத் தாங்க முடியவில்லை. இணைப்பு என்பது பெயரளவிலேயே. உண்மையில் அது ஒரு கழகத்தின் மறைவு. ஆதரவாளர்கள் வீதிகளில் கையொப்பங்கள் திரட்டினர். பலனில்லை. வீரர்களோ பேரரசர் கிண்ணப் போட்டியில் ஒவ்வோர் ஆட்டமும் தமது கடைசி ஆட்டமாக அமையலாம் என்ற நிலையில் ஆடி, 1999 ஜனவரி 1ஆம் திகதி இறுதியாட்டத்தில் ஷிமிசுவை 2-1 என்று வென்று கிண்ணத்தை ஏந்தினர். அந்த ஆட்டத்துடன் கழகம் இல்லாமற் போயிற்று.

இக்கதை அத்துடன் முடியவில்லை. மரினோஸை ஆதரிக்க மறுத்த ரசிகர்கள் தாமே ஒன்றுகூடி யொகொஹாமா எஃப்.சி. என்ற கழகத்தை ஆரம்பித்தனர். 2001இல் அது இரண்டாம் பிரிவிலும் 2007இல் முதற்பிரிவிலும் இடம்பிடித்தது. இன்றும் மரினோஸின் உத்தியோகபூர்வப் பெயரில் காணப்படும் 'எஃப்.' என்ற எழுத்து மறைந்த கழகத்தின் ஒரே எச்சமாகும்.

இந்த அனுபவம் லீக்கின் நிர்வாகத்தைச் சிந்திக்க வைத்தது. ஒரே நிறுவனத்தில் தங்கியிருக்கும் கழகம் அந்நிறுவனத்தின் தும்மலுக்கே வீழ்ந்துவிடும். பல சிறிய அனுசரணையாளர்களையும் ஊர் மக்களையும் நம்பியிருக்கும் கழகம் மெலிந்தாலும் பிழைத்துக்கொள்ளும். 1996இல் லீக் வெளியிட்ட நூறாண்டுத் தொலைநோக்கு, ஒவ்வோர் ஊரிலும் புல்வெளி மைதானமும் எவரும் எந்த விளையாட்டையும் விளையாடக்கூடிய கழகமும் உருவாக வேண்டும் என்று கூறியது. ஃப்ளூகெல்ஸின் மறைவுக்குப் பின்னரே அதன் பொருள் பலருக்கு விளங்கிற்று.

போட்டி முறையின் மாற்றங்கள்

ஜே. லீக்கின் போட்டி முறை மாறியதுபோல் வேறு லீக்குகளில் மாறியதில்லை எனலாம். ஆரம்பத்தில் ஆண்டு இரு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தினதும் முதல்வர்கள் இறுதியில் மோதி ஆண்டின் சம்பியனைத் தீர்மானித்தனர். 1993இல் முதற் கட்டத்தைக் கஷிமாவும் இரண்டாவதை வெர்டியும் வெல்ல, இறுதி மோதலில் வெர்டி வென்றது. 1996 தவிர, 2004 வரையில் இம்முறையே நீடித்தது.

சமநிலை முடிவும் தொடக்கத்தில் இருக்கவில்லை. வெற்றி தோல்வி தெரியாமல் ஆட்டம் முடிவது புதிய பார்வையாளருக்குச் சலிப்பூட்டும் என்று அமைப்பாளர்கள் கருதினர். எனவே 90 நிமிடங்களில் முடிவு கிட்டாவிடின் மேலதிக நேரம். அதில் முதலில் கோல் போடும் அணிக்கு உடனடி வெற்றி. அதிலும் முடிவில்லையேல் சமநிலை தவிர்ப்பு உதைகள். 1997இல் இவற்றுக்குத் தனித்தனிப் புள்ளிகள் நிர்ணயிக்கப்பட்டன. 90 நிமிடங்களில் வென்றால் 3 புள்ளிகள், மேலதிக நேரத்தில் வென்றால் 2, சமநிலை தவிர்ப்பு உதைகளில் வென்றால் 1. 1999இல் உதைகள் கைவிடப்பட்டன. 2003இல் முதற்பிரிவில் மேலதிக நேரமும் நீக்கப்பட்டு, உலகின் ஏனைய பாகங்களைப் போன்று வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 என்ற முறை வந்தது.

இப்புள்ளி முறையின் விசித்திரத்தை 1999இல் ஊராவா ரெட்ஸ் அனுபவித்தது. அந்த ஆண்டிலேயே பத்துக் கழகங்களுடன் இரண்டாம் பிரிவு ஆரம்பிக்கப்பட்டு, முதற்பிரிவின் கடைசி இரு கழகங்கள் தரமிறங்கும் விதி நடைமுறைக்கு வந்திருந்தது. கடைசி ஆட்டத்தில் ஹிரோஷிமாவை 90 நிமிடங்களுக்குள் வென்றால் மாத்திரமே ஊராவா தப்பலாம். கோலின்றி அந்நேரம் கடந்தது. பின்னர் மேலதிக நேரத்தில் மசஹிரோ ஃபுகுதா வெற்றிக் கோலைப் போட்டார். ஆனால் அவ்வெற்றிக்கு இரண்டே புள்ளிகள். இச்சிஹாராவுடன் புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் ஊராவா தரமிறங்கியது. வென்ற அணி கண்ணீருடன் வெளியேறிய அக்கோலை உலகின் மிகத் துயரமான கோல் என்று ஜப்பானிய ரசிகர்கள் இன்றும் அழைப்பர். அடுத்த ஆண்டே முதற்பிரிவுக்கு மீளத் தகுதிபெற்ற ஊராவா, 2007இல் ஆசிய சம்பியன் கழகமாகவும் உயர்ந்தது.

2005இல் 18 கழகங்கள், 34 சுற்றுகள், ஒரே புள்ளிப் பட்டியல் என்ற முறை அறிமுகமானது. இறுதிப் போட்டி இல்லாவிட்டால் விறுவிறுப்பு இராது என்று அஞ்சியோருக்கு அந்த முதலாண்டே பதிலளித்தது. கடைசி நாளில் ஐந்து கழகங்களுக்குச் சம்பியனாகும் வாய்ப்பு இருந்தது. முதலிடத்தில் இருந்த செரெசோ ஒசாகா ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை வாங்கி ஐந்தாம் இடத்திற்குச் சரிந்தது. 60 புள்ளிகளுடன் காம்பா ஒசாகா சம்பியனாகியது. அடுத்த நான்கு கழகங்களும் 59 புள்ளிகளைப் பெற்றிருந்தன.

ஆயினும் தொலைக்காட்சி, அனுசரணை வருமானங்களை முன்னிட்டு 2015இலும் 2016இலும் இரு கட்ட முறை மீண்டும் புகுத்தப்பட்டது. 2016இல் ஆண்டு முழுவதற்குமாக 74 புள்ளிகளைப் பெற்றிருந்த ஊராவாவை, 59 புள்ளிகளை மாத்திரம் பெற்றிருந்த கஷிமா இறுதி மோதலில் வீழ்த்திச் சம்பியனாகியது. விதிப்படி அது சரியே. நியாயத்தின்படி சரியா என்று ரசிகர்கள் கேட்டனர். 2017இல் ஒரே பட்டியல் முறை திரும்பியது. அவ்வாண்டிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு 210 பில்லியன் யென் பெறுமதியான இணைய ஒளிபரப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் அதற்குத் துணைபுரிந்தது.

மூன்றாம் பிரிவு 2014இல் தொடங்கப்பட்டது. 2024 முதல் மூன்று பிரிவுகளிலும் தலா 20 கழகங்களாக மொத்தம் 60 கழகங்கள் உள்ளன. முதற்பிரிவில் ஒவ்வொரு கழகமும் ஏனைய ஒவ்வொன்றுடனும் சொந்த ஊரில் ஒருமுறையும் எதிரணியின் ஊரில் ஒருமுறையுமாக 38 ஆட்டங்கள் ஆடும். கடைசி மூன்று கழகங்கள் தரமிறங்கும். இரண்டாம் பிரிவின் முதலிரு கழகங்கள் நேரடியாகத் தரமுயர, மூன்றாம் இடம் முதல் ஆறாம் இடம் வரையானவை எஞ்சிய ஓரிடத்திற்காகத் தமக்குள் மோதும். கதவு இருபுறமும் திறந்திருப்பதாலேயே, தரமுயர்ந்த முதலாண்டில் கஷிவா ரெய்சோல் 2011இலும் காம்பா ஒசாகா 2014இலும் சம்பியனாக முடிந்தது. மறுபுறத்தில், முதலிரு ஆண்டுகளின் சம்பியனான வெர்டி 2008இல் தரமிறங்கியபின் முதற்பிரிவுக்குத் திரும்ப 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. திரும்பியபோது முதலாட்டம் அதே தேசிய அரங்கில், அதே மரினோஸுடன். முடிவும் அதே 2-1 தோல்வி.

ஊர்களின் உரித்து

ஜே. லீக்கின் உண்மையான சாதனையைக் காண்பதற்குப் பெருநகரங்களை விட்டு வெளியே செல்ல வேண்டும். பனிப்பொழிவுக்கும் நெல்லுக்கும் பெயர்பெற்ற நீகாதாவில் உதைபந்தாட்டப் பாரம்பரியம் ஏதும் இருக்கவில்லை. ஆனால் அல்பிரெக்ஸ் நீகாதா 2003இல் இரண்டாம் பிரிவில் விளையாடியபோதே அதன் ஆட்டங்களுக்குச் சராசரியாக 30,000 பேருக்கு மேல் வந்தனர். மத்சுமொதோ நகரில் ஒரு தேநீர்க் கடையின் பெயரைத் தாங்கிப் பிறந்த யமகா கழகம் 2015இல் முதற்பிரிவில் ஆடியது. பணநெருக்கடியால் லீக்கிடம் கடன்பட்டிருந்த ஒய்தா திரினிதா, அக்கடனைத் தீர்க்காமல் தரமுயர முடியாதென்ற நிலையில், 2012இல் பொதுமக்களும் உள்ளூர் வணிகர்களும் நிர்வாகமும் வழங்கிய நிதியால் கடனை அடைத்துத் தரமுயர்ந்தது.

2011 மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கமும் சுனாமியும் வடகிழக்கைச் சிதைத்தபோது லீக் நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 23இல் மீண்டும் ஆரம்பமாகிய நாளில், அழிவின் நடுவிலிருந்து வந்த வெகால்தா செண்டாய் கவாசாகியை அதன் ஊரிலேயே 2-1 என்று வென்றது. அவ்வாண்டு நான்காம் இடத்தையும் மறு ஆண்டு இரண்டாம் இடத்தையும் அது பெற்றது. உறவுகளையும் உடைமைகளையும் இழந்தோருக்கு ஓர் உதைபந்தாட்ட வெற்றி எதையும் மீட்டுக் கொடுக்காது. எனினும் தமது ஊரின் பெயர் அழிவுச் செய்திகளுக்கு அப்பாலும் ஒலிப்பதைக் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. சுனாமியை அறிந்த நமக்கு அதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

ஊர்ப் பற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2014 மார்ச் மாதம் ஊராவா அரங்கின் நுழைவாயிலொன்றில் ஜப்பானியருக்கு மாத்திரம் என்ற கருத்துடைய பதாகை தொங்கவிடப்பட்டது. லீக் அடுத்த சொந்த ஊர் ஆட்டத்தைப் பார்வையாளர் எவருமின்றி நடத்துமாறு தண்டனை விதித்தது. ஜே. லீக்கின் வரலாற்றில் அதுவே அத்தகைய முதல் தண்டனை. ஊருக்குரிய கழகம் ஊரில் வாழும் அனைவருக்கும் உரியது என்ற செய்தி அதில் அடங்கியிருந்தது.

நிதி ஒழுக்கமும் இறுக்கப்பட்டது. 2013 முதல் கழகங்களுக்கு ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் அவசியம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நட்டமடைந்தாலோ கடன்கள் சொத்துகளை விஞ்சினாலோ அதனை இழக்க நேரும் என விதிக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் இவ்விதி தளர்த்தப்பட்டது. 2020இல் தரமிறக்கமும் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கு முந்திய 2019இல் முதற்பிரிவின் சராசரிப் பார்வையாளர் தொகை 20,751ஆக உயர்ந்து, 1997இன் தொகையைப் போல் இரு மடங்கைத் தாண்டியிருந்தது.

எதிர்நோக்கும் வினாக்கள்

பிரதான மாற்றமொன்று 2026ஆம் ஆண்டுக்கெனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. பெப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவந்த பருவம், ஐரோப்பாவைப் போன்று ஓகஸ்ட்டில் தொடங்கி அடுத்த ஆண்டின் கோடையில் முடிவடையும். இடைப்பட்ட 2026 பெப்ரவரி முதல் ஜூன் வரையான காலத்திற்குத் தரமிறக்கம் அற்ற சிறப்புப் போட்டியொன்று வகுக்கப்பட்டது. கைவிடப்பட்டிருந்த சமநிலை தவிர்ப்பு உதைகள் அதில் மீண்டும் சேர்க்கப்பட்டமை சுவாரசியமானது. கடுங்கோடையில் ஆடும் சுமை குறையும், வீரர் இடமாற்றக் காலம் ஐரோப்பாவுடன் ஒத்துவரும் என்பன மாற்றத்தை ஆதரிப்போரின் வாதங்கள். ஆண்டில் பல மாதங்கள் பனியால் மூடப்படும் வட பிரதேசக் கழகங்களோ, நீண்ட குளிர்கால இடைவேளை வழங்கப்பட்டாலும் பயிற்சிக்கும் வருமானத்திற்கும் தாமே அதிக விலை கொடுக்க நேரிடும் என்று கவலை தெரிவித்தன. நீகாதாவின் எதிர்ப்பு அவற்றுள் முக்கியமானது.

மற்றைய வினா உரிமை பற்றியது. 2024இல் தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் வசமிருந்த ஒமியா அர்திஜா கழகத்தை ஆஸ்திரியாவின் ரெட் புல் நிறுவனம் முழுமையாக வாங்கியது. கழகத்தின் பெயருக்கு முன்னால் 'ஆர்.பி.' என்ற இரு எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை நிறுவனத்தின் பெயர் அல்ல என்று விதிநூலைக் காட்டி வாதிடலாம். ஆனால் அவ்வெழுத்துகளின் பொருளை அறியாத ரசிகர் எவரும் இலர். புதிய முதலீடு வீழ்ந்திருந்த கழகத்திற்கு உயிரூட்டும் என்போரின் கூற்றிலும் உண்மை உண்டு. தரமான வீரர்கள் இளவயதிலேயே ஐரோப்பாவுக்குச் செல்லும் இக்காலத்தில், அவர்களை வைத்திருப்பதற்கும் வளர்ப்பதற்கும் பணம் வேண்டும்.

ஆனால் ஃப்ளூகெல்ஸின் அனுபவம் ஒன்றை உணர்த்தியுள்ளது. பணத்துடன் வந்த நிறுவனம் என்றோ ஒருநாள் பணத்துடன் திரும்பிச் செல்லும். அன்று எஞ்சியிருப்பது, சிறுவயதில் தந்தையின் கையைப் பற்றி அரங்கிற்குச் சென்று, வளர்ந்தபின் தன் பிள்ளையை அழைத்துவரும் ஊரவரே. ஜே. லீக்கின் விதிகள் பலமுறை மாறியுள்ளன, இனியும் மாறும். கட்டங்களும் புள்ளிகளும் பருவங்களும் வசதிக்கேற்ப அமைத்துக்கொள்ளக்கூடியவை. கழகம் ஊருக்குரியது என்ற அடிப்படை அத்தகையதன்று. தமது நாட்டிலும் ஒரு தொழில்சார் லீக் வேண்டும் என்று விரும்பும் ஆசிய நாடுகள் பெரும்பாலும் ஜே. லீக்கின் ஒப்பந்தத் தொகைகளையும் நட்சத்திர வீரர்களையுமே நோக்குகின்றன. அவர்கள் முதலில் நோக்க வேண்டியது, 45,000 பேர் கொண்ட ஓர் ஊர் அரங்கொன்றைக் கட்ட முன்வந்தது ஏன் என்பதையே.